கிச்சன இப்போ ஒடைக்காதடா

அன்புள்ள ரவி,

உன் லெட்டர் வந்துச்சு, தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் நிம்மதியாச்சு. டர்பன்ல, நம்ம சாட்ஸ்வொர்த் ஏரியால நாங்க சௌக்கியம். நேத்து இங்க இருக்குற பங்களாதேஷ் மார்க்கெட்ல நல்ல பிஞ்சு முருங்கைக்கா கெடச்சுது, உன்னதான் நெனச்சுக்கிட்டோம்.

உன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வீட்ட விக்கிறதுக்கு முன்னாடி கிச்சன பேத்துட்டு புது கப்போர்டு, கிரானைட்டுன்னு போடலாமான்னு கேட்டிருக்க. வேணாம்டா. வாங்குறவங்க தங்களுக்குப் புடிச்ச மாதிரி மாத்தத்தான் போறாங்க, நீ போட்ட காசு முழுசா திரும்பாது, கதவுக்கு பெயிண்ட் அடிச்சு கைப்பிடிய மாத்து, போதும்.

மொதல்ல தண்ணியப் பாரு. டர்பன்ல 2022 ஏப்ரல்ல வந்த வெள்ளத்துக்கப்புறம் வீடு பாக்க வர்றவங்க நேரா பின்னாடி மண்ண தாங்குற சுவர்கிட்டதான் போறாங்க. எங்க சுவர்ல தண்ணி வடியுறதுக்கு விட்ட ஓட்டையெல்லாம் மண்ணடச்சு கெடந்துச்சு, கம்பிய விட்டு நோண்டுனேன், செவப்பு சேறு பொளக்குன்னு வந்துச்சு, பின்னாடியே தண்ணி அரமணி நேரம் ஓடுச்சு. அத்தன நாளா அந்த பாரத்த சுவர் தாங்கிட்டு இருந்திருக்கு! ஈரம் ஊறி பெயிண்ட் உப்பியிருந்தா மேல அடிச்சு மறைக்காத. 2022 பிப்ரவரிலேர்ந்து ஏஜென்ட் வழியா வித்தா வீட்டுல தெரிஞ்ச கொறையெல்லாம் ஃபார்ம்ல எழுதி கையெழுத்து போடணும்.

அடுத்தது பேப்பர். எங்கப்பா வீட்ட வித்தப்போ பின்னாடி கட்டுன அவுட்பில்டிங்குக்கு முனிசிபாலிட்டில பிளான் பாஸ் பண்ணவேயில்ல, வாங்க வந்தவரோட பேங்க் பிளான் கேட்டுச்சு, நாங்க ஆளப் புடிச்சு வரஞ்சு குடுத்து அது பாஸாகுறதுக்குள்ள அவரு வேற வீடு வாங்கிட்டாரு. அப்பா எவ்ளோ மனசு ஒடஞ்சுட்டாரு தெரியுமா. அந்த மாதிரி பின்னாடி இருக்குற ரெண்டு ரூமும் பாத்ரூமும் வாடகைக்கு விடலாம்னா நல்ல வெல கெடைக்கும், ஆனா பிளான் இருந்தாத்தான். வயரிங் சரியா இருக்குன்னு குடுக்குற கரண்ட் சர்டிபிகேட்டும் வீடு பேர் மாத்துற சமயத்துல 2 வருஷத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது, அதுக்கப்புறம் நீ இன்வெர்ட்டர் மாட்டியிருந்தா அந்த வேலைக்கும் சர்டிபிகேட் வேணும். நம்ம பக்கம் கூரை மரத்துல வண்டு இல்லைன்னும் ஒரு சர்டிபிகேட் வழக்கமா கேப்பாங்க, கூரைக்குள்ள ஏறி டார்ச் அடிச்சுப் பாரு.

உங்கப்பா அந்த தகரப் பெட்டில பழைய பேப்பரெல்லாம் வச்சிருப்பாரே, அதுல பிளான் இருக்கான்னு தேடு, கெடச்சா வாட்ஸ்ஆப்ல போட்டோ அனுப்பு. காவடிக்கு வர்றப்போ ஒரு நாள் கூட தங்குற மாதிரி வா.

உன்,
மணி