ரூன் வில்லைகளில் எந்தக் குறிகள், ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டிலுள்ள எங்கள் பட்டறையில் காப்பி மரக் கட்டையில் செதுக்கப்படும் ரூன் வில்லைகளை (பழைய ஐரோப்பிய எழுத்துகள் பொறித்த, குறி பார்க்கும் சிறு கட்டைத் துண்டுகளை) வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அண்மைக் காலமாக ஒரே வகையான கேள்விகளைக் கேட்டு எழுதுகிறீர்கள். எழுத்தில்லாத வெற்று வில்லை ஏன் இல்லை, பயமுறுத்தும் குறிகளை எடுத்துவிட்டுத் தர முடியுமா, ஓம் ஒன்று சேர்த்தால் என்ன, தமிழ் எழுத்திலேயே ஒரு தொகுதி செய்யக் கூடாதா என்பவையே அவற்றில் முக்கியமானவை. அடுத்த தொகுதிக்கான கட்டைகள் நிழலில் காய்ந்துகொண்டிருக்கும் இந்த இடைவெளியில் அனைவருக்கும் பொதுவாகப் பதில் எழுதிவிடுவது நல்லது என்று கருதினோம்.

குறி கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. வேலன் கழங்கு பரப்பிக் காரணம் சொன்னதைச் சங்கப் பாடல்களில் படித்திருக்கிறோம். கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லும் பழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. ரூன்களோ வட ஐரோப்பாவின் ஜெர்மானிய மக்கள் மரத்திலும் எலும்பிலும் உலோகத்திலும் கல்லிலும் பொறித்த எழுத்துகள். டென்மார்க்கில் வீமோசே என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 160ஆம் ஆண்டைச் சேர்ந்த சீப்பு ஒன்றில் உள்ள பொறிப்பு மிகப் பழையவற்றுள் ஒன்று. சீப்பில் எழுதியவர் எதிர்காலத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று தோன்றவில்லை. முதன்மையாக இவை எழுதப் பயன்பட்ட எழுத்துகளே.

குறி பார்த்ததற்கு எல்லோரும் காட்டும் சான்று, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. பழந்தரும் மரத்தின் கிளையொன்றை வெட்டிச் சிறு துண்டுகளாக்கி, அவற்றில் குறிகள் இட்டு, ஒரு வெள்ளைத் துணியின் மேல் கண்டபடி இறைப்பார்கள் என்றும், ஊர்க் காரியமாக இருந்தால் பூசாரியும் வீட்டுக் காரியமாக இருந்தால் குடும்பத் தலைவரும் வானத்தைப் பார்த்தபடி மூன்று துண்டுகளை எடுத்துப் பொருள் சொல்வார்கள் என்றும் அவர் விவரிக்கிறார். அந்தக் குறிகள் ரூன்கள்தாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆகவே “ஈராயிரம் ஆண்டுப் பழைமையான ரூன் ஆரூடம்” என்ற வாசகத்தை எங்கள் பெட்டியின் மேல் நீங்கள் காண மாட்டீர்கள். கட்டையையும் துணியையும் மட்டும் டாசிட்டஸின் விவரிப்பிலிருந்து எடுத்துக்கொண்டோம். காப்பியும் பழந்தரும் மரம்தானே. அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது விழும் கிளைகளைத் தோட்டக்காரர்களிடம் வாங்கிக்கொள்கிறோம். விரித்துப் போடும் வெள்ளைத் துணி, சேலம் அம்மாபேட்டைத் தறியில் நெய்த வேட்டித் துணி.

இனிக் குறிகளுக்கு வருவோம். ரூன் வரிசைகள் பல உண்டு. ஸ்காண்டிநேவியாவில் பிற்காலத்தில் பதினாறு எழுத்துகளாகச் சுருங்கிய வரிசை ஒன்று. இங்கிலாந்தில் இருபத்தெட்டுக்கும் மேலாக விரிந்த வரிசை ஒன்று. இரண்டுக்கும் மூத்ததான இருபத்து நான்கு எழுத்து வரிசை ஒன்று. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் 1903ஆம் ஆண்டு கிடைத்த கில்வர் கல்லில் இந்த மூத்த வரிசை முழுவதும் பொறிக்கப்பட்டிருக்கிறது, அக்கல் கி.பி. 400 அளவைச் சேர்ந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டது இந்த இருபத்து நான்கையே. ஒரே காலத்தில் ஒரே கை ஒரே கல்லில் வரிசையாக எழுதிக் காட்டிய தொகுதி என்பதால், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற முடிவு எங்கள் விருப்பத்தைப் பொறுத்ததாக இல்லாமல் போகிறது. இங்கிலாந்து வரிசையிலிருந்து அழகான இரண்டை எடுத்து இதில் செருகினால் பெட்டி நிறையும், ஆனால் அப்படியொரு வரிசையை யாரும் எந்தக் காலத்திலும் எழுதியதில்லை.

வெற்று வில்லையையும் இதே காரணத்தால்தான் சேர்ப்பதில்லை. அது 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரால்ப் பிளம் வெளியிட்ட நூலும் அதனுடன் விற்கப்பட்ட தொகுதியும் பரப்பிய வழக்கம். அதற்கு முந்தைய பொறிப்பு எதிலும் அதற்கு இடமில்லை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கீடோ ஃபொன் லிஸ்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமக்கு அகக்காட்சியில் தெரிந்ததாகச் சொல்லி அமைத்த பதினெட்டு எழுத்து வரிசையையும் நாங்கள் செய்வதில்லை. பின்னால் நாஜிகளின் சின்னங்களுக்குள் ரூன் வடிவங்கள் நுழைந்ததில் அந்தச் சிந்தனைப் போக்குக்கும் பங்கு உண்டு. சூரியனைக் குறிக்கும் சோவிலோ என்ற எழுத்தை இரட்டையாக இட்டதே நாஜிகளின் எஸ்.எஸ். படையின் சின்னம். எங்கள் தொகுதியில் அது மற்ற இருபத்து மூன்றோடு ஒன்றாக இருக்கிறது. ஆனால் அதை இரட்டையாகச் செதுக்கிக் கழுத்தில் தொங்கவிடும் பதக்கமாகக் கேட்டு யார் எழுதினாலும், காசு எவ்வளவு தந்தாலும், செய்து தர மாட்டோம்.

கெட்ட குறிகளை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்ற வேண்டுகோள்தான் அதிகம் வருகிறது. கல்யாணப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் கேட்பது புரிகிறது. ஆலங்கட்டி, இல்லாமை, பனிக்கட்டி, முள் ஆகியவற்றைப் புதுப்பெண் கையில் யார் கொடுக்க விரும்புவார்கள்? ஆயினும் அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது எந்தக் கேள்விக்கும் தலையாட்டும் தொகுதியாகிவிடும். எதை எடுத்தாலும் நல்லதே வரும் என்று தெரிந்த பிறகு பைக்குள் கை விடுவதற்குக் காரணமே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே கட்டிவைத்தது போலாகும். அதோடு இக்குறிகளுக்குக் கிடைக்கும் பழைய விளக்கங்கள் நாம் அஞ்சும் அளவுக்கு ஒற்றைத் தன்மையானவை அல்ல. ரூன்களின் பெயர்களை விளக்கும் பழைய பாடல்கள் மூன்று உள்ளன; பழைய ஆங்கிலத்தில் ஒன்று, நார்வேயிலிருந்து ஒன்று, ஐஸ்லாந்திலிருந்து ஒன்று. பழைய ஆங்கிலப் பாடல் ஆலங்கட்டியைத் தானியங்களிலேயே மிக வெண்மையானது என்று சொல்லி, வானிலிருந்து சுழன்று விழுந்து, பிறகு நீராகிவிடுகிறது என்று முடிக்கிறது. கோடை மழையோடு ஆலங்கட்டி விழுந்து காப்பிப் பூ உதிர்வதைக் கண்ட மலைக்காரருக்கு அதன் சேதமும் தெரியும், அடுத்த அரை மணியில் அது ஓடையில் தண்ணீராக ஓடுவதும் தெரியும். இல்லாமையைப் பற்றி அதே பாடல், அது நெஞ்சை நெருக்கும், ஆனால் காலத்தோடு கவனித்தவர்களுக்குத் துணையாகவும் மாறும் என்கிறது. இப்படிப்பட்ட குறியைப் புதுமணத் தம்பதியரிடமிருந்து மறைப்பதைவிட, உடன் வரும் சீட்டில் இந்த விளக்கத்தையும் சேர்த்து அச்சிடுவதே முறை என்று முடிவு செய்தோம்.

அந்தச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூத்த வரிசையின் பெயர்களாக இன்று வழங்குபவை, பிற்காலத்தைச் சேர்ந்த அந்தப் பாடல்களையும் ஒப்பீட்டு மொழியியலையும் கொண்டு அறிஞர்கள் மீட்டமைத்தவை. கால்நடை, காட்டெருது, பரிசு, ஆண்டு, குதிரை, மனிதன், நீர், பகல் என்று பெரும்பாலானவற்றில் சிக்கலில்லை. பெர்த்ரோ என்ற ஒன்றின் பொருளிலோ அறிஞர்களிடையே இன்றுவரை உடன்பாடில்லை. வீரர்கள் கூடிக் களித்திருக்கும் அரங்கில் நிகழும் விளையாட்டும் சிரிப்பும் என்பதற்கு மேல் பாடலில் துப்பு இல்லை. கடைகளில் கிடைக்கும் கையேடுகள் அதற்குக் கர்ப்பம், ரகசியம், விதி என்றெல்லாம் பத்து வரி எழுதுகின்றன. எங்கள் சீட்டில் அதற்கு ஒரே வரிதான்.

எழுத்து வடிவங்களில் நாங்கள் எடுக்க வேண்டியிருந்த முடிவுகள் கட்டையைப் பொறுத்தவை. ரூன்களில் படுக்கைக் கோடு அநேகமாக இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நேர்கோடும் சாய்கோடும் மட்டுமே. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உளியை ஓட்டினால் கோடு ரேகைக்குள் மறைந்துவிடும், அல்லது கட்டை பிளந்துகொண்டு போகும். அதனால்தான் இந்த வடிவங்கள் இப்படி அமைந்தன என்பது பரவலான விளக்கம். உளி பிடித்துப் பார்த்தால் அதில் ஐயம் எழாது. வில்லையை ரேகை குறுக்காக ஓடுமாறு அறுத்து, எழுத்தின் தண்டை, அதாவது அதன் நிமிர்ந்த கோட்டை, ரேகைக்குச் செங்குத்தாக நிறுத்துகிறோம். காப்பிக் கட்டை வெளிறிய நிறமும் நெருக்கமான ரேகையும் கொண்டது. ‘வி’ வடிவ உளி அதில் குறுக்காக இறங்கும்போது ஓரம் பிசிறில்லாமல் நிற்கும், சாய்கோட்டைச் சற்றே படுக்க விட்டாலோ உடனே வழுக்கிக்கொண்டு ரேகையோடு ஓடிவிடும். வெட்டு ஆழத்தை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோடு நிறுத்துகிறோம். அதற்கு மேல் போனால் பைக்குள் விரல் தடவியே இன்ன எழுத்து என்று தெரிந்துவிடும். பூப் பொட்டலத்தை ஒரே அளவில் ஒரே இலையில் கட்டுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும்.

ஒரே எழுத்துக்கு இரு வடிவங்கள் கிடைக்கும் இடங்களில், மற்றவற்றோடு குழம்பாததைத் தேர்ந்தோம். ஆலங்கட்டிக்கு ஒற்றைக் குறுக்குக் கோடும் இரட்டைக் குறுக்குக் கோடும் வழக்கில் உண்டு. தேய்ந்துபோனாலும் அடையாளம் தெரியும் என்பதால் இரட்டையை வைத்துக்கொண்டோம். முள்ளுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு, தண்டிலிருந்து நீளும் முக்கோணம் நடுவில் இருக்கிறதா உச்சியில் இருக்கிறதா என்பது மட்டுமே. ஆகவே மகிழ்ச்சியின் முக்கோணத்தை வில்லையின் மேல் விளிம்பை ஒட்டியே செதுக்குகிறோம். தலைகீழாக விழுந்தால் எதிர்ப்பொருள் கொள்வது அண்மைக்கால வழக்கம். அதைப் பின்பற்றுகிறவர்கள், பரிசு, ஆலங்கட்டி, இல்லாமை, பனிக்கட்டி, ஆண்டு, யூ மரம், சூரியன், இங் என்னும் தெய்வம், பகல் ஆகிய ஒன்பதும் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அவற்றில் மேல் கீழ் தெரிய ஒரு புள்ளி வைத்துத் தருமாறு சிலர் கேட்டீர்கள், வைப்பதில்லை.

ஓம், வேல், திரிசூலம் ஆகியவற்றைச் சேர்க்க மறுப்பதற்குக் காரணம் எளியது. வில்லைகள் தரையில் இறைக்கப்படுபவை. சில கவிழ்ந்து விழும், சில கட்டிலுக்கடியில் உருண்டோடும், கால் படும். நம் வீட்டுப் பெரியவர்கள் அதை ஏற்க மாட்டார்கள், நாங்களும் ஏற்கவில்லை. தமிழி (தமிழ் பிராமி என்னும் பழந்தமிழ்) எழுத்துகளைக் கேட்டவர்களின் யோசனை இதைவிடக் கனமானது. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் பெயர் தாங்கிய கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்கு, கூட்டல் குறி போன்ற ககரமும் வெறும் நேர்கோடான ரகரமும் உளிக்கென்றே அமைந்தவை போலத் தோன்றுவது இயல்பு. செதுக்குவதில் தடையில்லை. ஆனால் ரூன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளின் பெயரும் அப்பெயரை விளக்கும் பாடலும் இருக்கின்றன. ககரத்துக்கு ஒலி மட்டுமே இருக்கிறது. அதற்கு இன்ன பலன் என்று நாங்களாக ஒன்றை எழுதி ஒட்டினால், நாளைக்கே அது தமிழரின் தொன்மையான ஆரூடம் என்று எங்காவது சுற்றத் தொடங்கிவிடும். அந்த வேலைக்கு நாங்கள் துணைபோக விரும்பவில்லை.

அதற்கு மாற்றாக, பழமை எதையும் உரிமை கோராத மலைக்குறித் தொகுதி ஒன்றை இம்முறை செய்கிறோம். பதினாறு குறிகளும் எங்கள் சொந்தக் கற்பனை என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறோம். சேர்வராயன் மலையில் கண்ணால் காணக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், நான்கைந்து நேர்வெட்டுகளில் முடிய வேண்டும், திருப்பினாலும் இன்னொன்றாகத் தோன்றக் கூடாது, நல்லதும் அல்லாததும் கலந்திருக்க வேண்டும் என்பவையே தேர்வுக்கான அளவுகோல்கள். கொண்டை ஊசி வளைவு கூர்ங்கோணமாயிற்று. மிளகுக் கொடி, தண்டின் இருபுறமும் மாறிமாறிச் சாயும் மூன்று வெட்டுகள். காட்டு மாடு, தண்டின் தலையில் விரிந்த கொம்பு. காப்பிப் பழம், நடுவில் பிளவுள்ள சாய்சதுரம். மூடுபனியை எப்படிக் காட்டுவது என்பதில்தான் பட்டறைக்குள் வாக்குவாதம் நீண்டது. முடிவில் ஒன்றையொன்று தொடாத மூன்று சாய்கோடுகளுக்கு எல்லோரும் இணங்கினோம். தண்டுத் துளைப்பான் என்ற பூச்சிக்கும் ஒரு குறி உண்டு. வெளியே பசுமையாக நிற்கும் அரபிக்கா செடியை உள்ளிருந்து தின்றுவிடும் அதைத் தெரிந்தவர்களுக்கு, அந்த வில்லை எதைச் சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. பரிசாகக் கொடுப்பவர்கள் இதையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கக்கூடும். பதில் முன்பு சொன்னதுதான்.

வெட்டுக்குள் பூசும் சிவப்பு, காவிக்கல்லை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. ஸ்காண்டிநேவியாவின் ரூன் கற்கள் சிலவற்றில் சிவப்பு வண்ணத்தின் எச்சம் காணப்பட்டிருக்கிறது. ரத்தம் பூசித் தர முடியுமா என்று கேட்ட அன்பருக்கும் இதுவே எங்கள் பதில். இவ்வில்லைகள் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும் என்று நாங்கள் உறுதி கூறுவதில்லை. மருத்துவம், வழக்கு, கடன் ஆகியவற்றுக்கு அந்தந்தத் துறையாரிடம் செல்லுங்கள்.

முன்பதிவு செய்பவர்கள் மூத்த ரூன் தொகுதியா மலைக்குறித் தொகுதியா என்பதைத் தவறாமல் குறிப்பிடவும். இரண்டையும் ஒரே பையில் கலந்து அனுப்ப இயலாது. ஒரு வில்லை தொலைந்துபோனால் புதிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் அதே கிளையின் மிச்சத் துண்டை எண்ணிட்டு வைத்திருக்கிறோம். பெட்டியின் அடியிலுள்ள எண்ணையும் தொலைந்த குறியின் பெயரையும் எழுதியனுப்பினால், அதே கட்டையிலிருந்து செதுக்கி அஞ்சல் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
பட்டறையினர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்