மலிவு ஏர் பிஸ்டலைத் திருத்துவதா, நல்லதாக வாங்குவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 பாரிஸில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்றதைப் பார்த்து, இங்கே பெங்களூருவில் பிள்ளைக்கு ஏர் பிஸ்டல் வாங்க நினைக்கும் பெற்றோர் கவனத்துக்கு.

மலிவான ஸ்பிரிங் பிஸ்டலில் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திக் குண்டைச் செலுத்தும் வகை) இரண்டு வேலைகளுக்கு மட்டும் செலவு செய்யலாம். ஒன்று, கைப்பிடி: மரப் புட்டி அப்பி, கைக்கு ஏற்ப அரத்தால் தேய்த்துக்கொள்வது. மற்றொன்று, குண்டுத் தேர்வு. பிஸ்டலைத் தாங்கலில் வைத்து, மூன்று நான்கு வகைக் குண்டுகளைப் பத்துப் பத்தாகச் சுட்டால், எது நெருங்கி விழுகிறது என்று தெரிந்துவிடும்.

டிரிகரில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள். மென்மையாக்க வேண்டும் என்று உள்ளே பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியைத் தேய்த்தால், கடினமாக்கிய மேலடுக்கு போய்விடும். சில நாளில் பிடிப்பு தேய்ந்து, தொடாமலே வெடிக்கும். போட்டியில் டிரிகர் 500 கிராம் எடையைத் தூக்கியாக வேண்டும், அதிலும் தோற்கும். ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்டுவதும் வீண். பிஸ்டன் அதிர்வுதான் கூடும், குறி விலகும். இலக்கு அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான்!

ஆகவே போட்டிதான் நோக்கம் என்றால், திருத்தும் பணத்தைச் சேர்த்து, அழுத்தக் காற்றில் இயங்கும் பழைய போட்டி பிஸ்டலை வாங்குங்கள். காற்றுச் சிலிண்டரில் பொறித்த தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள். பத்து ஆண்டு கடந்திருந்தால் புதுச் சிலிண்டர் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்று நிரப்பி ஓர் இரவு வைத்து, அழுத்தமானி இறங்கினால் சீல் கசிகிறது.

இப்படிக்கு,
வாசகர், அல்சூர், பெங்களூரு