அது ஷோகேஸ் சாமான் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பழம்பொருட்களால் வரவேற்பறையை அலங்கரிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், கிராமபோனுக்குப் பக்கத்தில் ஒரு யாஷிகா மேட் 124ஜி கேமரா. கீழே ‘இன்று பயன்படாத கேமரா’ என்று ஒரு வரி. மயிலாடுதுறையில் ஸ்டுடியோ நடத்தியவன் நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1970-இல் ஜப்பானில் வெளிவந்த அந்த மாடலுக்கு பேட்டரி வேண்டியது வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும். அந்தப் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது, சரி. பிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுவதாயிற்றே! பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் பிலிமும் நகரும், ஷட்டரும் தயாராகிவிடும். நல்ல வெயிலில் 100 வேக பிலிமுக்கு அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்) 16, ஷட்டர் 125 (அதாவது செகண்டில் 125-இல் ஒரு பங்கு) என்று வைத்து எடுக்க மீட்டர் எதற்கு?

இதற்குப் போடும் 120 என்ற அகலமான பிலிம் ரோலில் 12 படம். நெகட்டிவ் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர், 35 எம்.எம். நெகட்டிவைவிட மூன்றரை மடங்கு பெரிது. அந்த அகலம் இருந்ததால்தான் டச்சிங் செய்ய முடிந்தது. ஊசியாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மருந்து பூசிய பக்கத்தில் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் புள்ளி புள்ளியாக நிரப்புவோம். வரன் பார்க்க அனுப்பும் படம் என்றால் இதற்குத் தனிக் காசு. நேரில் வந்த மாப்பிள்ளை வீட்டார் ‘போட்டோவில் மாதிரி இல்லையே’ என்று முணுமுணுத்தால் பழி எங்கள் தலையில்.

கேமராவை வயிற்றருகே பிடித்து, குனிந்து மேல் கண்ணாடியில் பார்த்து எடுப்போம். நம் கண் தங்கள் மேல் இல்லாததால் கூச்சக்காரர்களும் இயல்பாக நிற்பார்கள். ஓடுகிற குழந்தைகளை எடுப்பதுதான் பாடு. கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும்; பிள்ளை ஒரு பக்கம் ஓட, பழகாத கை கேமராவை மறுபக்கம் திருப்பும்.

வீட்டில் இப்படியொரு கேமரா இருப்பவர்கள் பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 1 செகண்டில் வைத்து, பொத்தானைத் தட்டிப் பாருங்கள். கிர்ரென்று ஓடி மூடினால் நலம். பாதியில் நின்றால் பெரும்பாலும் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும். சுத்தம் செய்தால் ஓடும். ஊட்டியில் இருந்த பிலிம் தொழிற்சாலையின் ‘இந்து’ என்ற பிராண்டு பிலிம்தான் இல்லையே தவிர, கோடக்கும் இல்ஃபோர்டும் 120 பிலிமை இன்றும் விற்கின்றன. அப்புறம், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்து கண்ணாடியையே அரித்திருந்தால் மட்டும் ஷோகேஸுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர்,
மயிலாடுதுறை.