மேல் அடுக்கையாவது எங்களுக்கு விட்டுவையுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கு,

வணக்கம். மேற்படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதமே, உடன் படித்தவர்கள் ஒரு சனிக்கிழமை என்னை நம் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்க மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மேல் அடுக்கில், கடைசி வரிசைக்கு முந்தைய வரிசை. நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும் என்ற கணக்கைப் பக்கத்து இருக்கைப் பெரியவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவரும் மனைவியும் பல வருடங்களாக அதே இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவற்றை விட்டுவிட்டார்கள். கட்டுப்படியாகவில்லை.

டிக்கெட் விலை மட்டும் என்றால் சமாளித்திருப்பார்கள். சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாக ஒரு ‘நன்கொடை’ கேட்கிறீர்கள். கொடுக்காவிட்டால் இருக்கை இல்லை. பள்ளிக்கூட டொனேஷனைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல, ஆனால் வலிக்கிறது. முன்பு அதில் 80 சதவீதத்துக்கு வரிக்கழிவாவது இருந்தது. 2018 முதல் அதுவும் போயிற்று. நீங்கள் தொகையைக் குறைக்கவில்லை.

ஆட்டக்காரர்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முதல் வருடம் ஒரு பல்கலைக்கழகம் அவர்களுக்கு மொத்தம் சுமார் 2.05 கோடி டாலர் வரை தரலாம். தர வேண்டும், அடிபட்டு ஆடுகிறவர்கள் அவர்கள்தானே. ஆனால் டென்னசி பல்கலைக்கழகம் அதைச் சொல்லி 2025 சீசன் டிக்கெட்டில் 10 சதவீதம் கூட்டியது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023-இல் ஒரு பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியும் முன்பே வீட்டுக்கு அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் ஒப்புக்கொண்டது. பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு 2022-இல் ஏழு வருட ஒளிபரப்புக்குப் பேசியது 700 கோடி டாலருக்கும் மேல். இத்தனை பணம் புரளும்போது, பழியை மட்டும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் மேல் போடாதீர்கள்.

அந்தத் தொலைக்காட்சிக்காக நாங்கள் படுவதும் உண்டு. பல ஆட்டங்கள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது 12 நாள், சில சமயம் 6 நாள் முன்புதான் தெரிகிறது. அதற்குள் ஹோட்டல் வாடகை எங்கேயோ போய்விடும். அப்புறம் விளம்பர இடைவேளைகளில் குளிரில் உட்கார்ந்திருப்பதும் நாங்கள்தான்.

விலையைக் குறைத்தால் நஷ்டம் வரும் என்று பயப்பட வேண்டாம். அட்லாண்டாவின் மெர்சிடிஸ்-பென்ஸ் மைதானம் 2017-இல் ஹாட் டாக்கை 2 டாலருக்கு விற்றது. அங்கே நடந்த தொழில்முறைக் கால்பந்து ஆட்டங்களில் ரசிகர் ஒருவர் சாப்பாட்டுக்கும் பானத்துக்கும் செலவழித்தது அந்த வருடம் 16 சதவீதம் கூடியது.

நான் கேட்பது பெரிதல்ல. மேல் அடுக்கில் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். நன்கொடை வேண்டாம். எதிரணி யாராக இருந்தாலும் ஒரே விலை. கூட்டத்தைப் பார்த்து ஏற்றக் கூடாது. தண்ணீர் பாட்டிலை உள்ளே அனுமதியுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. இதுவரை டிவியில்தான் பார்த்திருக்கிறாள். பாதி ஆட்டம் முடிந்ததும் பேண்டு மைதானத்தில் இறங்கும் என்று சொல்லியிருக்கிறேன்; டிவியிலோ அந்த நேரத்தில் ஸ்டூடியோவுக்குப் போய்விடுகிறார்கள். அவள் அதை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்