கடைசி ஷாட்டுக்கு முந்தின நிமிஷம்

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். லெக்ஸிங்டனில் குளிர் விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆபீஸில் "1992" என்று யாராவது வாயெடுத்தால் மற்றவர்கள் கப்சிப் என்று ஆகிவிடுகிறார்கள், என்ன விஷயம் என்று கேட்டிருந்தாய். ஃபோனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மார்ச் பிறந்தால் அந்த ஊரில் காலேஜ் பாஸ்கெட்பால் தவிர வேறு பேச்சே இருக்காது. அதற்குள் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மார்ச்சில் நடக்கிற அந்தத் தேசிய காலேஜ் போட்டியின் அமைப்பு. மொத்தம் 68 அணிகள். ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது. காசுக்கு ஆடுகிற என்.பி.ஏ. லீக் மாதிரி ஏழு ஆட்டத்தில் நாலு என்ற கணக்கெல்லாம் கிடையாது. நாலு வருஷம் ஆடிவிட்டுப் படிப்பை முடிக்கிற பையனுக்கு அந்தத் தோல்விதான் காலேஜில் கடைசி ஆட்டம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரசிகன் சொல்லலாம். அந்தப் பையன் சொல்ல முடியாது. முப்பது வருஷம் கழித்தும் ஒரு ஊரே ஒரு ஆட்டத்தை நினைத்து வருந்துகிறது என்றால் காரணம் இதுதான்.

இனி 1992. மார்ச் 28, ஃபிலடெல்ஃபியா ஸ்பெக்ட்ரம் அரங்கம். ஜெயித்தவர் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. விதி மீறலுக்காக உன் ஊர் காலேஜான கென்டக்கியின் அணிக்கு அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் இந்தப் போட்டியில் ஆட அனுமதி கிடையாது. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் வேறு காலேஜுக்குப் போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர்கள் ஜான் பெல்ஃப்ரி, டெரான் ஃபெல்டௌஸ், ரிச்சி ஃபார்மர், ஷான் வுட்ஸ். இந்த நாலு பேரைத்தான் ஊர் "அன்ஃபர்கெட்டபிள்ஸ்" என்று அழைக்கிறது. அவர்கள் ஆடுகிற ரப் அரீனா அரங்கத்துக்குப் போனால் அண்ணாந்து பார், அவர்கள் ஜெர்ஸிகள் மேலே தொங்கும். எதிரே டியூக் காலேஜ், முந்தின வருஷ சாம்பியன்.

ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரமான ஓவர்டைமுக்குப் போனது. வுட்ஸ் ஓடிவந்து எறிந்த பந்து போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. கென்டக்கி 103, டியூக் 102. மிச்சம் 2.1 விநாடி. டியூக் டைம் அவுட் எடுத்தது. டியூக்கின் கிராண்ட் ஹில், கூடைக்குப் பின்னால் இருக்கிற பேஸ்லைன் என்ற கோட்டுக்கு வெளியிலிருந்து சுமார் 75 அடி தூரம் பந்தை வீசினார். மைதானத்தின் மொத்த நீளமே 94 அடி. எதிர்ப்பக்கம் ஃப்ரீ த்ரோ கோட்டருகே (எதிரணி விதி மீறி இடித்தால், அதாவது ஃபவுல் செய்தால், யாரும் தடுக்காமல் ஒரு புள்ளிக்கு எறிய விடுகிற இடம்) அவர் கூட்டாளி கிறிஸ்டியன் லேட்னர் துள்ளிப் பிடித்தார். வலப்பக்கம் போவதுபோல் ஒரு ஏமாற்று, ஒரே ஒரு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது), இடப்பக்கம் திரும்பி ஒரு ஷாட். 104-103. அன்று அவர் களத்திலிருந்து எறிந்தது 10, விழுந்தது 10. ஃப்ரீ த்ரோ 10, விழுந்தது 10.

எல்லோரும் அந்த ஷாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். நீ பாஸைப் பார். ஹில் முன்னால் ஒரு ஆள்கூட இல்லை. கென்டக்கி கோச் ரிக் பிட்டினோ அந்த ஆளை எடுத்து லேட்னர் பக்கம் இரண்டு பேராக நிறுத்தினார். கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது, உள்ளே நிற்கிற நாலு பேருக்கு எதிராக ஐந்து பேர் கிடைக்கிறார்களே என்று பல கோச்கள் அப்படிச் செய்வார்கள். ஆனால் பந்தை வீசுகிறவன் எதிரில் ஒரு நெட்டையன் கையை ஆட்டிக்கொண்டு நின்றால் பாஸ் நேராக வராது. உயரமாக வளைந்து வரவேண்டும். உயரப் போன பந்து இறங்குவதற்குள் பின்னால் இருப்பவர்கள் வந்து சேர்ந்துவிடலாம். லேட்னர் பந்தைப் பிடித்த பிறகு ஃபவுல் ஆகிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அன்று ஒரு எறிதலைக்கூடத் தவறவிடாத ஆளை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்?

இன்னொன்றும் உன் ஊர்க்காரர்கள் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அதே ஆட்டத்தில் முன்பு, கீழே விழுந்து கிடந்த கென்டக்கி வீரர் அமினு டிம்பர்லேக்கின் மார்பில் லேட்னர் காலை வைத்து மிதித்தார். டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தை, விதி மீறலுக்கான தண்டனை) என்பதோடு விட்டுவிட்டார்கள், வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அந்த ஷாட்டே இல்லை. இதைப் பற்றி யாராவது பேசினால் வாதம் பண்ணாதே, கேட்டுக்கொள்.

பந்து மட்டும் அல்ல, கடிகாரமும் உனக்குப் புரியவேண்டும். வெளியிலிருந்து வீசும்போது கடிகாரம் ஓடாது. உள்ளே ஒருவர் கை பட்ட பிறகுதான் ஓடும். 0.3 விநாடி அல்லது அதற்குக் கீழே இருந்தால் பிடித்து எறிய விதியில் இடமில்லை, தட்டி விடத்தான் முடியும். 2.1 விநாடி என்பது பிடித்து, ஒரு தட்டுத் தட்டி, திரும்பி எறியத் தாராளம்.

இதய வலி தந்த தோல்விகளில் பாதிக்கு மேல் ஷாட்டில் நடந்தவை அல்ல என்பது என் உறுதியான எண்ணம். அவை ஃப்ரீ த்ரோ கோட்டில் நடந்தவை. இதில் "ஒன் அண்ட் ஒன்" என்று ஒரு விதி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள். ஒரு பாதியில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்ததிலிருந்து உனக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அது விழுந்தால்தான் இரண்டாவது. விழாவிட்டால் பந்து எல்லோருக்கும் பொது. பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டும் நிச்சயம். பெண்கள் ஆட்டத்தில் இப்போது இந்த முறை இல்லை, அங்கே நாலு கால் பாகமாக ஆடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார். நூற்றுக்கு 60 போடுகிற பையன். இரண்டும் நிச்சயம் என்றால் சராசரி 1.2 புள்ளி, ஒன்றுமே கிடைக்காமல் போக நூற்றுக்கு 16 வாய்ப்பு. அதே பையன் ஒன் அண்ட் ஒன்னில் நின்றால் சராசரி 0.96, சுழி வாங்க நூற்றுக்கு 40. எதிரணி வேண்டுமென்றே ஓடிவந்து ஃபவுல் செய்வதன் சூட்சுமம் இதுதான். 15 அடி தூரம், 10 அடி உயர ரிங், தடுக்க ஒருத்தரும் இல்லை. ஆனாலும் கால் சோர்ந்திருக்கும்போது முட்டி மடங்காது, பந்து முன் விளிம்பில் இடித்து நிற்கும்.

1983 ஃபைனல், அல்புகர்க்கி. ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் இருந்த ஹூஸ்டன் அணியை யாராலும் அசைக்க முடியாது என்றார்கள். இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்கிற ஷாட் கடிகாரம் அன்று கிடையாது. முன்னிலை கிடைத்ததும் ஹூஸ்டன் வேகத்தைக் குறைத்தது. நார்த் கரோலினா ஸ்டேட் கோச் ஜிம் வல்வானோ ஃபவுல் செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்தாவது ஃபவுலுக்கு இரண்டு என்ற விதியும் அப்போது வரவில்லை, எத்தனை ஃபவுல் ஆனாலும் ஒன் அண்ட் ஒன்தான். ஹூஸ்டன் 19 எறிந்து 10 மட்டும் போட்டது. 52-52 ஆன பிறகு ஆல்வின் ஃபிராங்க்ளின் முதல் எறிதலைத் தவறவிட்டார். பந்து கைமாறியது. கடைசியில் டெரெக் விட்டன்பர்க் தொலைவிலிருந்து வீசிய பந்து ரிங்கைத் தொடாமல் குறைவாக விழுந்தது. கீழே நின்ற லோரென்சோ சார்ல்ஸ் காற்றிலேயே பிடித்து உள்ளே அடித்தார், 54-52. அந்த டங்க்கை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஃபிராங்க்ளின் எறிந்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

1987 ஃபைனலில் சிராக்யூஸின் டெரிக் கோல்மன், முதல் வருஷப் பையன், அந்த ஆட்டத்தில் 19 ரீபவுண்ட் (விழாமல் திரும்பிய பந்தைப் பிடிப்பது) எடுத்தவன். 73-72 முன்னிலை, 28 விநாடி மிச்சம், ஒன் அண்ட் ஒன். முதலாவது விழவில்லை. இந்தியானாவின் கீத் ஸ்மார்ட் ஓரத்திலிருந்து போட்டார், 74-73. 2025 செமி ஃபைனலிலும் அச்சு அசல் இதுவே. ஹூஸ்டனுக்கு எதிராக டியூக் ஒரு புள்ளி முன்னிலை, சுமார் 20 விநாடி. டைரீஸ் புராக்டர் முதல் எறிதலைத் தவறவிட்டார். ரீபவுண்டுக்குப் பாய்ந்த டியூக்கின் கூப்பர் ஃபிளாக் ஃபவுல் செய்ததாக நடுவர் சொன்னார். ஜேவான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு ஹூஸ்டனை முன்னால் கொண்டுவந்தார், முடிவு 70-67. ஒரு எறிதல் தவறினால் அதோடு நிற்காது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எல்லாவற்றிலும் கொடுமை 2008, சான் அன்டோனியோ. கான்சஸுக்கு எதிராக மெம்ஃபிஸ், 2 நிமிஷம் 12 விநாடி இருக்கும்போது 60-51 முன்னிலை. அந்த அணி பருவம் முழுக்க ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 61 அளவில்தான் போட்டது. கடைசி 75 விநாடியில் ஐந்து எறிந்து நாலு போச்சு. கிறிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸ் மூன்று, டெரிக் ரோஸ் ஒன்று. ரோஸின் இரண்டாவது விழுந்தது, 63-60, மிச்சம் 10.8 விநாடி. மூன்று புள்ளி முன்னிலை. இங்கேதான் வேண்டுமென்றே ஃபவுல் செய்யவேண்டும். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோதான், மூன்று புள்ளி ஷாட் கிடையாது.

சொல்வது சுலபம், செய்வதில் சிக்கல் இருக்கிறது. எறியக் கையைத் தூக்கிய பிறகு தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ கொடுத்துவிடுவார்கள். அதனால் பந்து இன்னும் நடுக்கோட்டருகே, டிரிபிளில் இருக்கும்போது பிடிக்கவேண்டும். நடுவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, பந்தை நோக்கிக் கை நீட்டி. பந்தை விட்டு ஆளைக் கட்டிப் பிடித்தால் அது வேறு வகை ஃபவுல், பந்தும் போய்விடும். அதன் பிறகு இரண்டாவது எறிதலை அவர்கள் வேண்டுமென்றே தவறவிடுவார்கள், ரீபவுண்டுக்கு ஆளை முதுகால் அடைக்கவேண்டும். மெம்ஃபிஸ் ஃபவுல் செய்யத்தான் நினைத்தது என்று கோச் கலிபாரி பிறகு சொன்னார். கான்சஸின் ஷெரான் காலின்ஸ் தடுமாறிக்கொண்டே நழுவி வந்து பந்தை மரியோ சால்மர்ஸிடம் தள்ளிவிட்டார். 2.1 விநாடி மிச்சம், மூன்று புள்ளி, சமம். ஓவர்டைமில் கான்சஸ் ஜெயித்தது, 75-68. கவனித்தாயா, இங்கேயும் 2.1. அந்தக் கலிபாரி 2009-இல் நீ இருக்கிற ஊருக்கே கோச்சாக வந்து 2012-இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

நார்தர்ன் அயோவா ரசிகர் யாராவது உன்னோடு வேலை செய்தால் மட்டும் கொஞ்சம் பதமாகப் பேசு. 2016 மார்ச் 20, ஓக்லஹோமா சிட்டி. டெக்ஸஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிராக 44 விநாடி இருக்கும்போது நார்தர்ன் அயோவா 69-57 முன்னிலை. அவர்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, பந்தை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்வது. முடியவில்லை. 71-71 ஆகி, இரண்டு ஓவர்டைம் போய், 92-88 என்று தோற்றார்கள். அந்த 44 விநாடிக்குள் எப்படி 14 புள்ளி அடங்கும் என்று கேட்பாய். கடைசி ஒரு நிமிஷத்தில் கூடை விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். பந்து உள்ளே வந்து கை பட்டால்தான் மறுபடி ஓடும். எதிரணி போட்டதும் நீ உள்ளே வீசுகிறாய், அங்கேயே பறிக்கிறார்கள், ரிங்குக்குக் கீழேயே போடுகிறார்கள், மூன்று விநாடிகூட ஆவதில்லை.

அதைத் தடுக்கிற வழியும் பழசுதான். கூடை விழுந்த பிறகு வீசுகிறவன் பேஸ்லைன் முழுக்க ஓடலாம், ஒரே இடத்தில் நிற்கத் தேவையில்லை. கூட்டாளியும் கோட்டுக்கு வெளியே போய் நின்று பந்தை வாங்கி வீசலாம், அது விதிப்படி சரி. வாங்க வருகிறவன் நின்ற இடத்திலேயே காத்திருக்கக் கூடாது, பந்தை எதிர்கொண்டு ஓடிவந்து இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். மூலையில் வாங்கவே கூடாது. பேஸ்லைனும் பக்கக் கோடும் சேர்ந்து எதிரணிக்கு இரண்டு ஆள் கூட இருப்பதற்குச் சமம், அங்கே மாட்டினால் வெளியே வர வழியில்லை. ஒரு நெட்டையன் நடுவில் நிற்கவேண்டும். பிடித்ததும் தட்டாமல் முதலில் தலையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். பந்தை உள்ளே வீச நடுவர் ஐந்து விநாடி எண்ணுவார், நாலு வரும்போது ஆள் கிடைக்காவிட்டால் டைம் அவுட் கேட்டுவிடவேண்டும். அன்று அந்தப் பையன்கள் மூலையிலேயே வாங்கி மூலையிலேயே இழந்தார்கள். இரண்டு நாள் முன்னால் அதே அரங்கில் பால் ஜெஸ்பர்சன் மைதானத்தின் பாதியிலிருந்து எறிந்து டெக்ஸஸை ஜெயித்த அணி அது. நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

டைம் அவுட் என்றதும் மிச்சிகன் வீரர் கிறிஸ் வெப்பர் பெயர் வராமல் இருக்காது. 1993 ஃபைனல், நியூ ஆர்லியன்ஸ். நார்த் கரோலினா 73, மிச்சிகன் 71. மூலையில் இரண்டு பேர் சூழ்ந்துகொள்ள, 11 விநாடி இருக்கும்போது டைம் அவுட் கேட்டார். அணிக்குரிய டைம் அவுட் ஒன்றும் மிச்சமில்லை. டெக்னிக்கல் ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் நார்த் கரோலினாவுக்கே. 77-71. அன்று 23 புள்ளி, 11 ரீபவுண்ட் எடுத்த பையன் மேல் மொத்தப் பழியும் விழுந்தது. இங்கேயும் மூலைதான், பார். இருபது வயசுப் பையன் கூச்சலுக்கு நடுவில் எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். பெஞ்சில் இருப்பவர்கள்தான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "இல்லை, இல்லை" என்று சொல்லி அனுப்பவேண்டும்.

டி.வி. திரையில் ஸ்கோருக்குக் கீழே சின்னக் கோடுகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு டைம் அவுட். அணியின் ஃபவுல் கணக்கும் பக்கத்திலேயே வரும். கடைசி இரண்டு நிமிஷம் வந்ததும் முதலில் அவற்றைப் பார், பிறகு ஆட்டத்தைப் பார். ஆபீஸ்காரர்கள் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டால் போ. நீல நிறச் சட்டை ஒன்று வாங்கிக்கொள். டியூக்கும் நீலம்தான், எந்த நீலம் என்று கடையில் கேட்டு வாங்கு.

முதல் வார ஆட்டங்கள் முடிந்ததும் எழுது. யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கே தெரிந்துவிடும். பந்தை உள்ளே வீசினவன் முன்னால் ஆள் நின்றதா இல்லையா என்று மட்டும் எழுது. ராத்திரி ஆட்டம் பார்க்கிற நாளில் வெறும் சிப்ஸோடு படுத்துவிடாதே, கொஞ்சம் மோர்சாதமாவது சாப்பிடு.

அன்புடன்,
அம்மா