பத்தர் பட்டறையில் மாணவர்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தருவிப்பது 2009ஆம் ஆண்டு முதல் முடக்கப்பட்டிருந்ததும், அம்முடக்கம் தளர்த்தப்படும் என 2023இல் அறிவிப்பு வந்ததும் வாசகர்கள் அறிந்தவையே. வெளியிலிருந்து ஆள் வருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், அத்தொழிலை இங்குள்ள நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது பற்றிய பேச்சே எழவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் சுங்கை சிப்புட்டில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் பயிலும் மாணவி. பள்ளி விடுமுறைகளில் எங்கள் பட்டணத்துப் பத்தர் ஒருவரிடம் நகை செய்யக் கற்று வருகிறேன். இதற்குத் தொடக்கத்திலேயே தங்கமோ வெள்ளியோ வேண்டியதில்லை. செம்புக் கம்பியும் பித்தளைத் தகடும் போதும். கம்பியை மெல்லியதாக்கும் துளைத் தகடான கம்பியச்சில் இழுக்க இழுக்கச் செம்பு விறைத்துக்கொள்ளும். அதை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி நீரில் தோய்த்தால் மீண்டும் இளகிவிடும். எஃகு இதற்கு நேர்மாறு; நன்கு காய்ச்சி நீரில் தோய்த்தால் அது இறுகிவிடும். பற்றவைக்கும்போது இரு முனைகளும் இடைவெளியே தெரியாதபடி பொருந்தியிருக்க வேண்டும். வெங்காரம் தடவி, பற்றவைப்பதற்கான, எளிதில் உருகும் உலோகக் கலவையாகிய பொடியை வைத்து, பொடியை மட்டுமன்றி நகை முழுவதையும் சீராகச் சூடாக்கினால்தான் அது உருகி இணைப்புக்குள் ஓடும். இல்லையேல் உருண்டையாகத் திரண்டு மேலேயே நின்றுவிடும்.

கணிதமும் இங்கே தேவைப்படுகிறது. உள்விட்டம் 17 மில்லிமீட்டர் கொண்ட மோதிரத்தை 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் செய்வதானால், விட்டத்தோடு தடிப்பையும் கூட்டி 3.14ஆல் பெருக்கி, ஏறக்குறைய 58 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்ட வேண்டும். தடிப்பைச் சேர்க்காமல் வெட்டினால் மோதிரம் விரலில் ஏறாது.

இவற்றையெல்லாம்விட நான் மதிப்பது, சொல்லிச் செய்யும் நகைக்கு உரிய கவனத்தைத்தான். காதுத் துளை நீண்டுவிட்ட பாட்டிக்கு ஜிமிக்கியின் எடையைக் குறைக்க வேண்டும். பரதம் ஆடும் பெண்ணின் நெற்றிச்சுட்டி தலை திரும்பும்போது நழுவாமல் இருக்க வேண்டும். மலிவான கலவையிலுள்ள நிக்கலால் தோல் அரிக்கும் ஒருவருக்கு, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் மீதி செம்புமான உலோகத்தில் செய்து தர வேண்டும். அணியப்போகிறவரை உட்காரவைத்துக் கேட்டு, அளவெடுத்து, வரைந்து காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே உலோகத்தில் கைவைக்க வேண்டும் என்பது என் ஆசானின் கண்டிப்பு. கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைத்து விற்கும் நகையில் இதற்கு இடமே இல்லை.

ரவாங்கிலுள்ள தேசியக் கைவினைக் கழகத்தில் உலோகக் கைவினை டிப்ளோமா நிலையில் கற்பிக்கப்படுகிறது. ஆயினும், தோட்டப்புறத்திலிருந்து வரும் மாணவர், அத்தொழில் தம் கைக்கு ஒத்துவருமா என்றுகூட அறியாமல் எப்படி அங்கு விண்ணப்பிப்பார்? அந்த முதல் அறிமுகம் சொந்த ஊரிலேயே கிடைக்க வேண்டும். இடைநிலைப்பள்ளிகள் புறப்பாட நடவடிக்கையாகச் செம்பு வேலையைத் தொடங்கலாம். ஊதுகுழல் நெருப்பும் அமிலமும் புழங்கும் இடம் என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆகவே காற்றோட்டமான அறை, கண்ணைக் காக்கும் கவசக் கண்ணாடி, கட்டிய கூந்தல், பெரியவர் ஒருவரின் மேற்பார்வை ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்கவே கூடாது. பெண்பிள்ளைகளுக்குப் பட்டறை எதற்கு என்ற கேள்வியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சான்றிதழ் இல்லாத பத்தர்களும் தம் அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டி, திறன் மேம்பாட்டுத் துறையின் முன்னனுபவ அங்கீகாரத்தின் வழி மலேசியத் திறன் சான்றிதழ் பெற வாய்ப்புண்டு. நம் பொது இயக்கங்கள் அவர்களுக்கு அந்த விண்ணப்பப் பாரங்களை நிரப்ப உதவினால், பள்ளிகள் அவர்களைப் பயிற்றுநர்களாக அழைப்பது எளிதாகும். வரும் ஆண்டிறுதி விடுமுறையில், பட்டறைக்கு இரண்டு மாணவர்களையாவது சேர்த்துக்கொள்ளுமாறு பேராக் மாநிலத்துப் பத்தர்களைத் தங்கள் நாளிதழின் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் படிவ மாணவி,
சுங்கை சிப்புட், பேராக்.