சென்ற மாதம் 27ஆம் தேதியிலேயே நின்றுவிட்ட மிர்ரர்: புகார் கடிதம்

அனுப்புநர்:
கல்லூரி நூலக மென்பொருள் பராமரிப்பாளர்,
வடபழனி, சென்னை 600026.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சோழிங்கநல்லூர் அலுவலகம், சென்னை 600119.

பொருள்: பெர்ல் மொழியின் மாட்யூல்கள் (நிரல் தொகுதிகள்) சேமிக்கப்படும் சிபேன் பொதுச் சேமிப்பகத்துக்கு நீங்கள் வைத்துள்ள மிர்ரர் (நகல்) புதுப்பிக்கப்படாததும், புதிய மாட்யூலைப் பெற வேறு வழி மறுக்கப்பட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் இரண்டு வாரங்களாகக் கேட்டு ஓய்ந்த பிறகுதான் இதை எழுத்தில் அனுப்புகிறேன். உங்கள் சர்வரில் ஆறு ஆண்டுகளாக ஏழு கல்லூரி நூலகங்களின் கோஹா மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். ஒரு மாதமும் வாடகை தவறியதில்லை. கோஹா பெர்ல் மொழியில் எழுதப்பட்டது, அதற்கு வேண்டிய மாட்யூல்கள் சிபேன் சேமிப்பகத்திலிருந்து வருகின்றன என்பதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் திட்டத்தில் வெளி இணைப்பை அடைத்துவிட்டு, உங்கள் மிர்ரர் வழியாக மட்டுமே மாட்யூல்களை எடுக்க வேண்டும் என்று விதித்தவர்கள் நீங்கள். அந்த மிர்ரர் நாள்தோறும் மூலச் சேமிப்பகத்துடன் ஒத்திசைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தவர்களும் நீங்களே.

நூலகப் பதிவுகளை மார்க் என்னும் நூற்பட்டியல் வடிவில் ஏற்றுமதி செய்யும் மாட்யூல் ஒன்றில் பிழை இருந்தது. மார்க் பதிவின் முதல் ஐந்து இலக்கங்கள் அதன் நீளத்தைப் பைட் கணக்கில் சொல்ல வேண்டும். அந்த மாட்யூலோ எழுத்துக் குறியீடுகளை எண்ணி எழுதியது. ஆங்கில நூல்களுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பிழை வெளியில் தெரியவில்லை. ‘கல்வெட்டு’ என்ற ஒரே சொல் யூனிகோடில் 9 குறியீடுகள்; யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் அதுவே 27 பைட்டுகள். தமிழ் நூல்களின் பதிவுகள் மட்டும் நடுவில் அறுந்து போனதற்குக் காரணம் இதுதான். நான் எழுதித் தெரிவித்ததும், கைம்மாறு எதிர்பாராமல் உழைக்கும் அதன் ஆசிரியர் பிழையைச் சரிசெய்து, இம்மாதம் 4ஆம் தேதி செவ்வாய் மாலை புதிய பதிப்பை வெளியிட்டார். அன்றிரவே, சிபேனில் தேட உதவும் மெட்டாசிபேன் தளத்தில் அது தெரிந்தது. உங்கள் மிர்ரரில் இல்லை.

ஆசிரியர் ஏற்றிய கோப்பு எல்லா மிர்ரர்களுக்கும் ஒரே கணத்தில் வந்துவிடாது என்பதை நான் அறிவேன். ஒவ்வொரு மிர்ரரும் தனக்குரிய நேரத்தில்தான் ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கருவி மூலம் இழுத்துக்கொள்கிறது. ஒரு நாள் தாமதத்துக்கு யாரும் கடிதம் எழுதமாட்டார்கள். ஆனால் உங்கள் மிர்ரரில் உள்ள 02பேக்கேஜஸ் என்ற அட்டவணைக் கோப்பைத் திறந்து, கடைசியாகப் புதுப்பித்த நாளைக் காட்டும் வரியைப் பார்த்தபோது, அதில் சென்ற மாதம் 27ஆம் தேதி இருந்தது. ஆகவே இது தாமதம் அன்று. உங்கள் ஒத்திசைவே நின்றுபோயிருக்கிறது. இந்த ஒரு வரியைத்தான் நான் உங்கள் பணியாளர்கள் அனைவரிடமும் படித்துக் காட்டினேன்.

6ஆம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் தொலைபேசியில் பேசிய உங்கள் பணியாளர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எங்க மிர்ரர்ல இல்லைன்னா அப்படி ஒரு வெர்ஷனே இல்ல சார். யாரோ சொன்னதைக் கேட்டுட்டு வந்து எங்க நேரத்தை வீணாக்காதீங்க.” பதிப்பு எண்ணை நான் சொல்லத் தொடங்கும்போதே இணைப்பைத் துண்டித்துவிட்டார். பதினெட்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறேன். என்னிடம் இப்படி எவரும் பேசியதில்லை. உரையாடல் பதிவு செய்யப்படுவதாக உங்கள் தானியங்கிக் குரல் சொல்கிறதே, அந்தப் பதிவைத் தாங்கள் தயவுசெய்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்தேன். என் வீட்டு இணைப்பில் அந்தக் கோப்பை இறக்கி, கோப்பு மாறாமல் வந்ததா என்று அறிய ஆசிரியரின் அடைவில் உள்ள செக்சம்ஸ் கோப்புடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து, பென் டிரைவில் எடுத்து வந்தேன். வடபழனியிலிருந்து புறப்பட்டு, கிண்டியில் பேருந்து மாறி, மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்த ஓஎம்ஆர் சாலையில் வெயிலில் ஊர்ந்து, சோழிங்கநல்லூர் வந்து சேர இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு வந்தவர் நாற்காலியில்கூட உட்காராமல், இணையத்தில் டிக்கெட் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நான் போட்டிருந்த மூன்று டிக்கெட்டுகளின் எண்களும் என் கையில் இருந்தன. மூன்றும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டிருந்தன. எதைத் தீர்த்தீர்கள்?

10ஆம் தேதி திங்கட்கிழமை அந்த ஏழு கல்லூரிகளில் ஒன்றுக்கு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தது. தமிழ்த் துறையின் நூற்பட்டியலைக் கேட்டபோது அறுந்த பதிவுகள்தான் திரையில் வந்தன. நூலகர் அம்மா முதல்வர் முன்னால் தலைகுனிந்து நின்றார். அந்த அவமானத்துக்கு நான் எப்படி ஈடு செய்வேன்? அந்தக் கல்லூரியினர் என் ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிக்கமாட்டார்கள் என்பது எனக்கு உறுதி. அதைக் கேள்விப்பட்டு மற்ற ஆறு கல்லூரிகளும் விலகிவிடும். பத்து லட்ச ரூபாய்க்குக் குறையாத இழப்பு இது. பதினெட்டு ஆண்டுகள் ஈட்டிய பெயரும் ஒரே வாரத்தில் மண்ணாகிவிட்டது. அப்படி ஒரு பதிப்பே இல்லை என்று சொன்னவர் அன்று மெட்டாசிபேனை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திருக்காது.

இத்தனைக்கும் வழிகள் எளியவை. மூலச் சேமிப்பகத்திலேயே, அண்மையில் வந்த கோப்புகளை மட்டும் பட்டியலிடும் ரீசன்ட் கோப்புகள் இருக்கின்றன; அவற்றைப் பின்தொடரும் மிர்ரர் சில நிமிடங்களுக்கு மேல் பின்தங்காது. அது முடியாதென்றால், எங்கள் சர்வரிலிருந்து சிபேன் தளத்துக்கு மட்டும் வெளி இணைப்பைத் திறந்துவிடுங்கள். கோப்பின் முகவரியை நேரடியாகக் கொடுத்தாலே சிபேன்எம் கருவி அதை இறக்கி நிறுவிவிடும். மிர்ரர் வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஃபயர்வாலில் ஒரு வரி சேர்க்கும் வேலைக்கு என்னை இரண்டு வாரம் அலையவிட்டீர்கள்.

நேற்று இரவு பார்த்தபோதும் அட்டவணையில் அதே 27ஆம் தேதிதான்.

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குப் பகை இல்லை; சர்வர் இந்த ஆறு ஆண்டுகளில் பெரிதாகப் படுத்ததில்லை என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆகவே இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் மிர்ரரைப் புதுப்பித்து, இரண்டு மாத வாடகையைத் திருப்பித் தந்து, 6ஆம் தேதி பேசியவரின் நடத்தைக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் செல்வேன். வணிக வாடிக்கையாளர் என்று சொல்லி என்னைத் தள்ளிவிட முடியாது. சுயதொழிலால் பிழைக்கும் நானும் நுகர்வோரே என்பது என் வாதம். மூன்று டிக்கெட்டுகளின் நகல்களையும், அட்டவணைக் கோப்பின் திரைப்பிடிப்பையும், வெள்ளிக்கிழமை உங்கள் வரவேற்பறையில் கொடுத்த வருகைச் சீட்டையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆறு ஆண்டு வாடிக்கையாளர்